எங்கே என்னும் வினா

நுழையும்முன்

இயற்கையைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், எந்த இடத்தில், எதை, எவ்வாறு காப்பது? இவ்வினாவுக்கு விடை தேடும் அறிவுத்துறை புவியியல். அவ்வறிவையே வாழ்க்கைப் பணியாகக் கொள்ள இயலும் என்பதையும், இன்றைய தமிழகத்துக்கு அத்தகையோர் மிகுதியாகத் தேவைப்படுகின்றனர் என்பதையும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

ஒரு நகரம், இரு துயரங்கள்

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடையாற்றின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் ஆறு புகுந்தது. விமான நிலையத்தின் ஓடுதளம் நீர்ப்பரப்பாக மாறியது. நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதே நகருக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. வெள்ளத்தில் படகு தேடிய மக்கள், வறட்சியில் குடத்துடன் தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றார்கள்.

சென்னை பாலைவனத்தில் அமைந்த நகரமன்று. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கிறது. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சில நாள்களுக்குள், கொட்டித் தீர்த்துவிடுகிறது. எனவே, மழை எவ்வளவு பெய்தது என்னும் வினா மட்டும் போதாது. பெய்த மழை எந்தச் சரிவில் ஓடுகிறது? எந்தப் பள்ளத்தில் தங்குகிறது? தங்கவேண்டிய பள்ளத்தில் இன்று என்ன நிற்கிறது? இவையே முதன்மையான வினாக்கள். இவை அனைத்தும் ‘எங்கே’ என்னும் ஒற்றை வினாவின் கிளைகள்.

சென்னையின் தெற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம் உள்ளது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரை வாங்கி, தன்னுள் தேக்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அதன்வழியே கோவளம் முகத்துவாரத்துக்கும் மெல்ல அனுப்பும் இயற்கைத் தொட்டி அது. ஆனால், நீண்ட காலம் அது பயனற்ற நிலமாகவே கருதப்பட்டது. நகரின் குப்பை அங்கே கொட்டப்பட்டது; சாலைகளும் கட்டடங்களும் அதன் பரப்பைச் சுருக்கின. எஞ்சியவற்றுள் 1,247 ஹெக்டேர் பரப்பு, 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு நிலத்தின் பணி என்ன என்று அறியாத சமூகம் அதனை வீண்நிலம் என்று அழைக்கிறது. அறிந்த பிறகு அதன் அருமையை உணர்கிறது. அவ்வறிவு காலம் தாழ்ந்து வரும்போது அதற்குரிய விலையை மக்கள் செலுத்த நேர்கிறது.

நிலத்தை முதலாக வைத்த மரபு

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது. மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலியன அடுத்துவரும் கருப்பொருள்களாயின. அதாவது, ஓரிடத்தின் நிலத்தையும் பருவத்தையும் அறிந்த பின்னரே அங்கு வாழும் உயிர்களையும் மக்களின் தொழிலையும் அறிய முடியும் என்பது அவ்வகைப்பாட்டில் பொதிந்துள்ள கருத்து. குறிஞ்சிக்குப் பொருந்துவது நெய்தலுக்குப் பொருந்தாது. இன்றைய புவியியலின் அடிப்படையும் இதுவே.

நம் ஊர்ப்பெயர்களும் நிலத்தின் இயல்பைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி எனத் தமிழில் நீர்நிலைக்கு வழங்கும் பெயர்கள் பல. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் போன்ற பெயர்களில் தாங்கல் என்னும் நீர்நிலைச் சொல் நிலைத்திருக்கிறது. சென்னையின் தியாகராய நகர், 1920களில் ‘நீண்ட ஏரி’ என்றழைக்கப்பட்ட பெரிய நீர்நிலையின் ஒரு பகுதியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. ஏரி மறைந்தது, பள்ளம் மறையவில்லை. மழை வரும்போது தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடி வருகிறது.

நற்செயலும் தவறான இடமும்

‘நிலைத்த வளர்ச்சி’ என்னும் சொல்லை இன்று எங்கும் கேட்கிறோம். 1987ஆம் ஆண்டில் வெளிவந்த பிரண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை இக்கருத்தை உலகறியச் செய்தது. வருங்காலத் தலைமுறையின் பங்கைப் பறிக்காமல் இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றது. இலக்குகள் உலகத்துக்குப் பொதுவானவை. அவற்றை நிறைவேற்றும் வழியோ ஒவ்வோர் இடத்துக்கும் வேறானது. இவ்வேறுபாட்டை மறந்தால் நல்லெண்ணமே தீங்காக முடியும்.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். அதன் உயர்ந்த மேட்டுநிலங்களில் பள்ளங்களில் சோலைக்காடுகளும், சரிவுகளில் புல்வெளிகளும் இணைந்து காணப்படும். மரங்கள் இல்லாத காரணத்தால் புல்வெளிகளைப் பயனற்ற நிலமாக எண்ணியவர்கள் அவற்றில் சீகை மரத்தையும் தைல மரத்தையும் பரவலாக நட்டனர். மரம் நடுவது நற்செயல்தானே என்று தோன்றும். ஆனால், மழைநீரை ஈர்த்து ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்கிவந்தவை அப்புல்வெளிகளே. உதகமண்டலத்தில் நடத்தப்பட்ட நீர்ப்பிடிப்பு ஆய்வுகள், தைல மரம் நடப்பட்ட பகுதியில் ஓடைநீர் குறைந்ததைக் காட்டின. அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பதே இன்று அங்கு இயற்கைப் பாதுகாப்பாகக் கருதப்படுகிறது. ஒரே செயல் ஓரிடத்தில் நன்மையாகவும் மற்றோரிடத்தில் தீமையாகவும் ஆகிறது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுகள் உள்ளன. முற்காலத்தில் அக்காட்டைப் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டியெடுக்கும் முறை நடைமுறையில் இருந்தது. மரங்களை இழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. நடுவில் குழிந்த தொட்டிபோல் ஆயிற்று. ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, மண்ணில் உப்பு மிகுந்தது. அங்கு எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1990களில் இச்சிக்கலை ஆராய்ந்தனர். நிலத்தின் சரிவை அளந்து, மீன்முள்ளின் வடிவில் கால்வாய்களை வெட்டி, ஓதநீர் வந்து செல்ல வழிசெய்தனர். உப்பு குறைந்தது, கன்றுகள் வேரூன்றின, காடு மீண்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அலையாத்திக் காடுகளுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைந்த பாதிப்புக்கு உள்ளாயின என்பது பரவலாகப் பதிவாகியுள்ளது.

பிச்சாவரத்தில் முதலில் தேவைப்பட்டவை நாற்றுகளல்ல. தரையின் ஏற்றத்தாழ்வையும் ஓதத்தின் போக்கையும் படித்தறியும் கண்களே முதல் தேவையாக இருந்தன. புவியியல் அக்கண்களைத் தருகிறது.

ஓரிடத்தின் தீர்வு அடுத்த இடத்தின் சிக்கலாக மாறுவதும் உண்டு. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்ட பின்னர், கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கே தடுக்கப்பட்டது. அதனால் மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பகுதியில் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்க ஓரிடத்தில் கற்களைக் குவித்தால் அரிப்பு அதற்கும் வடக்கே நகர்கிறது. ஒரு மீனவர் குப்பத்தைக் காக்க முனைவோர், அடுத்த குப்பத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். தனித்தனி இடங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், இடங்களுக்கு இடையிலான தொடர்பைப் பார்ப்பதற்கும் புவியியல் பழக்குகிறது.

மலைச்சங்கிலி முதல் செயற்கைக்கோள் வரை

நிலத்தை அளந்தறியும் பணிக்கும் தமிழகத்துக்கும் நெடிய உறவு உண்டு. இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்குரிய அடிக்கோடு, 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் தலைமையில் சென்னைப் பரங்கிமலை அருகே அளக்கப்பட்டது. அன்று எஃகுச் சங்கிலியும் கோணமானியும் கருவிகளாயின. இன்று செயற்கைக்கோள்கள் அப்பணியை ஏற்றுள்ளன. 1988ஆம் ஆண்டில் இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணில் செலுத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டு முதல் இஸ்ரோவின் ‘புவன்’ தளம், செயற்கைக்கோள் படங்களைப் பொதுமக்களும் காணும் வாய்ப்பை அளிக்கிறது.

இக்கருவிகளால் என்ன செய்ய இயலும்? தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் பல, சங்கிலிபோல் ஒன்றோடொன்று இணைந்தவை. மேலுள்ள ஏரி நிறைந்து கலங்கல் வழியாக வழியும் நீர், கீழுள்ள ஏரிக்குச் செல்லும். ஓர் ஊரார் தம் ஏரியைத் தூர்வார முடிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். பொக்லைன் எந்திரத்தை அழைப்பதற்கு முன் அறியவேண்டியவை சில உள்ளன. நீர் வரும் வரத்துக்கால் எங்கே? அது இடையில் அடைபட்டுள்ளதா? நீர்ப்பிடிப்புப் பகுதியில் நிலப்பயன்பாடு எவ்வாறு மாறியுள்ளது? ஆயக்கட்டு நிலம் எவ்வளவு எஞ்சியுள்ளது? இருபது ஆண்டுகளுக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தையும் இன்றைய படத்தையும் புவித்தகவல் அமைப்பு மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விடைகள் தெளிவாகும். வரத்துக்காலை மறந்து ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால், கிடைப்பது ஆழமான வறண்ட குழி. அதற்குச் செலவிட்ட பொதுப்பணமும் ஊராரின் நம்பிக்கையும் சேர்ந்தே வீணாகும்.

பணிக்களங்கள்

புவியியல் படித்தால் ஆசிரியராகலாம், போட்டித்தேர்வு எழுதலாம். இவ்விரண்டும் உயர்ந்த பணிகளே. ஆனால், வாய்ப்புகள் இவற்றோடு முடிந்துவிடுகின்றன என்னும் எண்ணம் இன்று பொருந்தாது.

பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்குமுன் அதன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்பதை 2006ஆம் ஆண்டு அறிவிக்கை விரிவாக வரையறுக்கிறது. அம்மதிப்பீட்டுக்கு நிலவடிவம், வடிகால், நிலப்பயன்பாடு ஆகியவற்றின் வரைபடங்கள் இன்றியமையாதவை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைச் செயற்படுத்தக் கரையின் எல்லைகளும் ஓதக்கோடுகளும் துல்லியமாக வரையப்பட வேண்டும். சென்னையில் இயங்கும் நிலைத்த கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம் இத்தகைய பணிகளில் ஈடுபட்டுள்ளது. ஈரநிலங்கள், காலநிலை மாற்றம், பசுமைப் பரப்பு ஆகியவற்றுக்கெனத் தமிழ்நாடு அரசு தனித்தனி இயக்கங்களை நடத்திவருகிறது. பேரிடர் மேலாண்மை, நகரமைப்பு, வேளாண்மைத் திட்டமிடல், குடிநீர் வழங்கல் ஆகிய துறைகளிலும் வரைபடத்தைப் படிக்கவும் வரையவும் தெரிந்தவர்கள் தேவைப்படுகின்றனர்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையையும் இங்கே கருதலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் முப்பந்தலில் காற்றாலைகள் நெருங்கி நிற்பது தற்செயலானதன்று. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே குவிந்து விரைந்து வீசுவதே அதற்குக் காரணம். காற்று எங்கே விரைகிறது என்பதோடு, பறவைகள் எங்கே கடக்கின்றன, ஓடைகள் எங்கே ஓடுகின்றன, மேய்ச்சல் நிலம் யாருக்குப் பயன்படுகிறது என்பவற்றையும் அறிந்து இடம் தேர்வோர் தேவை. தூய ஆற்றலும் தவறான இடத்தில் அமைந்தால் ஒரு பகுதி மக்களின் வாழ்வாதாரத்தைப் பறித்துவிடும்.

தனியார் துறையிலும் வாயில்கள் திறந்துள்ளன. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ளவை, தம் சுற்றுச்சூழல் பொறுப்புக் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை அளிப்பதை 2022-23ஆம் நிதியாண்டு முதல் செபி அமைப்பு கட்டாயமாக்கியுள்ளது. தொழிற்சாலை ஒன்று ஒரு நாளில் எடுக்கும் ஒரு இலட்சம் லிட்டர் நிலத்தடி நீர், நீர்வளம் மிக்க படுகையில் ஒரு பொருளையும் வறண்ட வட்டாரத்தில் வேறொரு பொருளையும் தரும். அவ்வேறுபாட்டை எடுத்துரைக்காத எண்கள் வெறும் எண்களே.

எழும் ஐயங்கள்

இவ்விடத்தில் மூன்று ஐயங்கள் எழலாம். புவியியல் படித்தவருக்கெனத் தனிப் பணிப்பெயர் விளம்பரங்களில் மிகுதியாக இல்லையே என்பது முதல் ஐயம். இது உண்மையே. சுற்றுச்சூழல் ஆய்வாளர், புவித்தகவல் வல்லுநர், நீர்வளத் திட்ட அலுவலர், நிலைத்த வளர்ச்சி ஆலோசகர் எனப் பல பெயர்களில் அப்பணிகள் ஒளிந்துள்ளன. பட்டம் மட்டும் அக்கதவுகளைத் திறந்துவிடாது. புள்ளியியல், சூழலியல் ஆகியவற்றின் அடிப்படையும், புவித்தகவல் மென்பொருளில் பயிற்சியும், சுற்றுச்சூழல் சட்டங்களைப் பற்றிய அறிமுகமும் உடன் வேண்டும். தொடக்கத்தில் ஊதியம் குறைவாக அமையவும் கூடும். இவற்றை மறைத்து ஒரு துறையைப் பரிந்துரைப்பது முறையாகாது.

செயற்கைக்கோளும் கணினியும் எல்லாவற்றையும் காட்டிவிடும்போது மனிதர் எதற்கு என்பது இரண்டாம் ஐயம். படத்தில் ஒரு பச்சைத் திட்டு தெரிகிறது. அது நெல்வயலா, சீமைக்கருவேலப் புதரா, ஆகாயத்தாமரை மூடிய ஏரியா என்பதைச் சில வேளைகளில் அங்கே சென்று பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். மேலும், அந்த ஏரியின் மடை எப்போது திறக்கப்படும், யார் திறப்பர், கடைமடைக்காரருக்கு நீர் வருகிறதா என்பவை எந்தப் படத்திலும் பதிவாவதில்லை. அவை அவ்வூர் மக்களிடம் கேட்டறிய வேண்டியவை. களத்துக்குச் செல்லும் கால்களும் கேட்கும் காதுகளும் இல்லாமல் புவியியல் நிறைவடையாது.

நிறுவனங்களின் சூழல் அறிக்கைகள் வெறும் ஒப்பனைதானே என்பது மூன்றாம் ஐயம். சில அவ்வாறு இருக்கலாம். அந்த ஒப்பனையைக் கண்டறிவதற்கும் நிலம் அறிந்தவரே வேண்டும். ஆயிரம் மரம் நட்டதாக ஓர் அறிக்கை கூறினால், எந்த நிலத்தில், எந்த மரம், அதற்கு முன் அங்கு இருந்தது என்ன என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அவ்வறிக்கையை எழுதும் அறைக்குள் அமர்ந்திருக்க வேண்டும்.

இன்றே தொடங்கலாம்

மேல்நிலை வகுப்பில் புவியியலைப் பாடமாகக் கொண்டவர்கள் மட்டுமே இத்துறைக்கு வரமுடியும் என்று எண்ண வேண்டியதில்லை. அறிவியல், வணிகவியல் பிரிவு மாணவர்களையும் பல கல்லூரிகள் இளநிலைப் புவியியல் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. சென்னையில் மாநிலக் கல்லூரி, இராணி மேரி கல்லூரி முதலிய அரசுக் கல்லூரிகளில் இப்படிப்பு உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருச்சிராப்பள்ளியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் உயர்கல்விக்கு வழியுண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும், தேராதூனில் இஸ்ரோவின்கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனமும் தொழில்நுட்பப் பயிற்சியில் பெயர்பெற்றவை. கட்டணமின்றிக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளைக் கொண்டு, ஒரு சாதாரணக் கணினியிலேயே வரைபடம் வரையக் கற்கலாம்.

கல்லூரி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் ஊரில் மழைநீர் எந்தத் தெருவில் தேங்குகிறது என்று இந்தப் பருவமழையில் கவனியுங்கள். அது எந்த வழியே வெளியேற முயல்கிறது என்று பாருங்கள். அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் வடக்கு நோக்கி வரையுங்கள். பின்னர், புவன் தளத்தில் தெரியும் படத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் வரைபடத்தில் இருக்கும் ஏதேனும் ஒன்று அந்தப் படத்தில் இராது. அந்த ஒன்றை அறிந்தவர் என்னும் நிலையிலிருந்து உங்கள் பணி தொடங்குகிறது.

மருத்துவமும் பொறியியலும் மதிக்கப்படுவதுபோல் நிலத்தை அறியும் கல்வியும் மதிக்கப்பட வேண்டும். மருத்துவர் ஓர் உடலின் நலிவைப் போக்குகிறார். பொறியாளர் ஓர் அணையை எழுப்புகிறார். அந்த நோய் ஏன் அந்த ஊரில் மட்டும் பரவுகிறது, அந்த அணை எங்கே எழுந்தால் யாருக்கு நீர் கிடைக்கும், யாருக்கு மறுக்கப்படும் என்று கேட்பவர் புவியியலாளர். அவ்வினாக்கள் திட்டம் தீட்டும் மேசையில் எழுந்தால், அடுத்த பெருமழையில் தண்ணீருக்கு வழியும் மக்களுக்கு வீடும் எஞ்சியிருக்கும். அம்மேசையில் அமரும் இடம் இப்போது பெரும்பாலும் காலியாக உள்ளது. அதை நிரப்பும் தகுதியை இந்த வகுப்பறையிலிருந்தே பெறத் தொடங்கலாம்.